கூடாரம் இரண்டு: பாக்கி

வெள்ளைக் கூடாரம் இரண்டும்
லாரியிலிருந்து இறங்கிய அன்று
பக்கத்துக் கொல்லைக்காரர் வீரராகவன்
தோளில் துண்டோடு ஓடிவந்தார்.
கல்யாணமா, கருமாதியா?
கிளாம்பிங், என்றாள் மகள் ஹேமாவதி.
அது எந்தப் பக்கத்து விசேஷம் என்றார்.

என் ஆறு சவரன்
இப்போது கான்வாஸாகவும் கட்டிலாகவும்
வென்னீர்க் குழாயாகவும்
சிறுகீரைப் பாத்திக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே
நெடுங்குன்றத்து வெயிலில் நிற்கிறது.
கணக்கு நோட்டு என் பொறுப்பு.
இடது பக்கம் கீரை, பால்.
வலது பக்கம் கூடாரம்.

முதலில் வந்தவர்கள் பெருங்குடிக்காரர்கள்.
சாண வாசனை ஒரிஜினலா என்று கேட்டார்கள்.
ஒரிஜினல்தான் என்றேன்.
வேறு எங்கே போய் வாங்குவது?

களை பறிக்க அவர்களே
ஆளுக்கு முந்நூறு கொடுத்தார்கள் எங்களுக்கு.
அதே வேலைக்கு ஊனமாஞ்சேரி கன்னியம்மாளுக்கு
நாங்கள் கொடுப்பது நானூறு.
வரப்பில் நின்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.
முளைக்கீரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு
கோரையை அழகாக விட்டுவைத்துவிட்டு
போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.
மறுநாள் சரிசெய்ய அவளுக்கு நானூறு.
அறுநூறு வரவு, நானூறு செலவு,
நாற்பது கட்டு கீரை போச்சு.
இதை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது?

மும்முனை மின்சாரம் எங்களுக்கு
ராத்திரி ஒன்றரைக்கு மேல்தான் வரும்.
வந்ததும் ஏகாம்பரம் எழுந்துபோய் மோட்டார் போடுவார்.
அது கிழட்டு மோட்டார், இருமிவிட்டுத்தான் தண்ணீர் தரும்.
கூடாரத்து ஜிப் சர்ரென்று திறக்கும்.
அண்ணா, இதைக் காலையில் போடக் கூடாதா?
விளம்பரத்தில் "வேலை நடக்கும் பண்ணை" என்று
போட்டது நாங்கள்தான்.
வேலை நடக்கிறது, மன்னித்துவிடுங்கள்.

வண்டலூர்ச் சிங்கம் கர்ஜித்தால் மட்டும்
ஒருவருக்கும் புகார் இல்லை.
ஒரு பையன் அதற்காகவே ஐந்து நட்சத்திரம் போட்டான்.
அந்தச் சிங்கத்துக்கு நாங்கள் ஒரு பைசா செலவழித்ததில்லை.
தீனி போட்டு வளர்க்கும் சேவலுக்கு
இரண்டு நட்சத்திரம்.

ஐப்பசி கடைசியில் ஆரஞ்சு அலர்ட் என்றார்கள்.
முன்பதிவு இரண்டும் ரத்து.
பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு
சும்மா கிடந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாமே படுத்தால் என்ன என்றான் லோகு.
அதுவரை யாருக்கும் தோன்றவே இல்லை.

மகன் ஒரு கட்டிலில், நானும் மகளும் ஒரு கட்டிலில்.
ஏகாம்பரம் வாசலிலேயே நின்றார்.
காலில் சேறு, என்றார்.
கழுவிக்கொண்டு வாங்க.
கழுவினார். வந்தார். நாற்காலி நுனியில்
யாரோ வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.
எப்போது மகன் பக்கத்தில் சாய்ந்தாரோ தெரியாது.

மழை துணியில் விழும் சத்தம்
ஓட்டில் விழுவது போல் இல்லை.
காதுக்குப் பக்கத்தில் யாரோ
அரிசி புடைக்கிற மாதிரி.
சிங்கம் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

ஒன்றரைக்குச் சரியாக எழுந்தார்.
எங்கே?
மோட்டார்.
மழை பெய்யுது.
கொஞ்ச நேரம் இருட்டில் அப்படியே நின்றார்.
கை இரண்டையும் என்ன செய்வதென்று
தெரியாதவர் போல.
பிறகு படுத்தார்.
கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில்
அந்த நேரத்தில் அவர் குறட்டையை
நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்கு மாடு விடவில்லை.
நனைந்துகொண்டே போய்க் கறந்தோம்.
எத்தனை ஸ்டார் அப்பா என்றாள் ஹேமா.
யோசித்துச் சொன்னார்: மூணு.
மெத்தை குழிக்குள்ள இழுக்குது.

நோட்டில் எழுதினேன்:
கூடாரம் இரண்டு. ஒரு ராத்திரி. நாலு பேர். பாக்கி.
துவைக்க, போர்வை ஒன்று.
கழுவியும் போகாத
ஒரு குதிகால் அதில் இருந்தது.

சனிக்கிழமைக்கு வேளச்சேரியிலிருந்து ஆறு பேர்.
இரண்டு நாளைக்குச் சேவலை
யார் வீட்டில் விடுவது என்று
வீரராகவனிடம்தான் கேட்க வேண்டும்.