இடமாற்றம் என்ற சைகை

கால்பந்து என்பதற்கு
(இந்த ஊரில் அது முட்டைப் பந்து, பெரும்பாலும் கையில்தான் இருக்கும்)
இரு கை விரல்களும் ஒன்றுக்குள் ஒன்று மோதிப் பின்ன வேண்டும்.
இடமாற்றம் என்பதற்கு
விரல்நுனிகளைக் குவித்து எதையோ எடுத்துத்
தள்ளி வைக்க வேண்டும்.
அறுபதாயிரம் இருக்கைகளை இன்றிரவு
நாற்பது முறையாவது
ஒரு சிட்டிகை உப்பைப் போல எடுத்து
ஏரிக்கரையிலிருந்து பதினெட்டு மைலுக்கு அப்பால்
வைத்துவிட்டேன்.
தோள்பட்டை கடுக்கிறது.

நகர மன்றம். பிப்ரவரி. ஜன்னலில் பனி.
ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்தால் மணி.
முதல் வரிசையில் ஒரே ஒருவருக்காக நான் நிற்கிறேன்:
காசிமிர் வொய்னார், டோரன் தெரு,
பிறவியிலேயே காது கேளாதவர்.
எல்லோரும் பேசுகிறவரைப் பார்க்க
அவர் என் கைகளைப் பார்க்கிறார்.

அணியின் வழக்கறிஞர் திருமதி ஹார்க்னெஸ்
பனி விழாத கூரை என்றார்,
பன்னிரண்டாயிரம் கார் நிற்கும் என்றார்,
சோளக்கொல்லை விலைக்கு நிலம் என்றார்.
என் கைகள் சோளத்தை அறுத்துக் கூரை போட்டன.
மதுக்கடை ரோஸ்கோ டிபெட்ஸ் எழுந்து,
வருஷத்துக்குப் பத்து ஞாயிறு எனக்குச் சோறு போடுது,
மிச்ச நாளெல்லாம் கடைக்கு நான் சோறு போடறேன் என்றார்.
என் கைகள் கடை வைத்துப் பசித்தன.
புறநகரிலிருந்து வந்த ஒக்ஸானா கேட்டாள்:
பேருந்தே வராத ஊருக்கு
அரங்கம் மட்டும் வருமா?

எனக்கும் ஒரு கருத்து உண்டு.
அதைக் கோட்டோடு சேர்த்து
வாசலில் மாட்டிவிட்டு வருவது வழக்கம்.

அப்புறம் அவர் முறை.
இப்போது திசை திரும்பும்: அவர் கை, என் குரல்.
அவர் 'நான்' என்றால்
நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

நான் முப்பத்தொரு வருஷமாக அரங்கத்துக்கு எதிர்வீடு.
ஆட்ட நாளில் என் புல்தரையில் ஒன்பது கார் நிற்கும்,
காருக்கு நாற்பது டாலர்.
அந்தக் காசில்தான் சமையலறைக்கு டைல் போட்டேன்.
ஆரவாரம் எனக்குக் காலில் கேட்கும்.
நம்மவர்கள் கோட்டைத் தாண்டினால் தரை துள்ளும்,
அலமாரியில் கோப்பைகள் நடக்கும்.
எதிரணி தாண்டினால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.
தொலைக்காட்சி போடாமலே ஸ்கோர் சொல்வேன்.

மன்றம் சிரித்தது.
அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

மூன்று வருஷம் முன்பு, நவம்பரில் ஒரு ஞாயிறு,
என் மனைவி டெல்ஃபின் அந்த டைல்மேல் விழுந்தாள்.
ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்துவிட்டது.
தெருமுனையிலிருந்து என் கதவுக்குப்
பதினோரு நிமிடம்.
ஸ்ட்ரெச்சர் ஒன்பது காரையும் சுற்றிக்கொண்டு வந்தது.
ஒன்பதுக்கும் காசு வாங்கியவன் நான்.

'நான்' என்று சொன்ன என் வாய் நின்றது.
அவர் கைகள் நிற்கவில்லை.
பின்னாலேயே ஓடினேன்.

அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.
துடிப்பு இருந்தது. பலமாக இருந்தது.
பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.
அது தரை.
நம்மவர்கள் கோட்டைத் தாண்டியிருந்தார்கள்.

மணி அடித்தது.
அதை அவருக்குச் சொல்ல வேண்டியது என் வேலை.
பதினேழு வருஷத்தில்
நான் பெயர்க்காமல் விட்ட ஒரே ஒலி.

தலைவர் தொண்டையைச் செருமினார்.
மன்னிக்கணும், படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது.
ஆதரவா, எதிர்ப்பா?

காசிமிர் விரல்நுனிகளைக் குவித்தார்,
தரையிலிருந்து எதையோ எடுத்தார்,
எடுத்ததை எங்கும் வைக்கவில்லை.
நெஞ்சுயரத்தில் அப்படியே பிடித்திருந்தார்,
கனமானதைப் பிடிப்பதுபோல.

தலைவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்:
என்ன சொல்கிறார்?