ஐம்பது காசு அகலம்

கையை நீட்டி ஓர் ஐம்பது காசைப் பிடித்தால்
அதன் பின்னால் எவ்வளவு மறையுமோ
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
மிச்சம் இருட்டுகூட இல்லை.
அதைச் சொல்லிப் புரியவைக்க வராது.

முதலில் போன சங்கத்தில்
எல்லாரும் முழுக்கப் பார்வையற்றவர்கள்.
நல்லவர்கள். நாற்காலி தந்தார்கள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து
"மணி நாலாச்சு" என்று வாய்விட்டுவிட்டேன்.
"உனக்குத்தான் தெரியுதே" என்றார் ஒருவர்,
கோபமில்லாமல்,
பந்தி மாறி உட்கார்ந்தவளை
இலை போடுமுன் எழுப்புவது போல.

அடுத்தது ஜெலுத்தோங்கில், ஒரு மண்டபம்.
குறை உடம்பில் இல்லை, மனசில் என்றார்
இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்த பேச்சாளர்.
கைதட்டினேன்.
வாசலில் மஞ்சள் கோடு போடாத கடைசிப் படியில்
முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன்.

பேருந்தில் தடியை விரித்தால் இடம் கிடைக்கும்.
உட்கார்ந்து கைபேசியை எடுத்தால்
"நடிப்பப் பாரு" என்று கேட்கும்.
எனக்குத் தமிழும் தெரியாது என்று
நினைத்திருப்பாள்.
நாலு மாதம் தடி கைப்பையிலேயே கிடந்தது.

ரோஸ்னாவை ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் பார்த்தேன்.
எண் எந்தத் திரையில் வரும் என்று
அவளும் தேடிக்கொண்டிருந்தாள்.
புதன்கிழமை, டத்தோ கிராமட் சாலை,
மூலை மாமாக் கடை, வா என்றாள்.

ஐந்தடிப் பாதை மூன்று இடத்தில் இறங்கும்
நான்காவதில், சொல்லாமல், ஏறும்.
கடைக்குள் யாரோ மேசையைத்
தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
"இந்தப் பக்கம்."

பூன் கியாட்டுக்கு நடு இல்லை, ஓரம் மட்டும்.
என் முகத்தைப் பார்க்க
என் காதுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.
தேவமலருக்கு வெளிச்சம் இருக்கும் வரைதான் எல்லாம்.
எப்படி ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை.
"தடிய எங்க விரிப்ப, எங்க மடிப்ப?"
அதைத்தான் கேட்டார்கள்.
பதில் சொல்லி முடிப்பதற்குள்
தே தாரிக் ஆடை கட்டிவிட்டது.

எல்லாம் இனித்தது என்று சொல்லமாட்டேன்.
ஓகேயூ அட்டை விண்ணப்பத்தை
பூன் கியாட் அரைமணி நேரம் திட்டினார்.
நான் பேசும்போதெல்லாம் ரோஸ்னா குறுக்கே வந்தாள்.
அடுத்த வாரம் வராமலே இருந்துவிடலாம் என்று
ஒரு கணக்கும் மனசில் ஓடியது.

பில் வந்தது. அவர் ஓரத்தை வாசிக்க
நான் நடுவை வாசிக்க
கூட்டிக் கொடுத்ததில் நாற்பது காசு குறைந்தது.
"பரவால்ல" என்றார் கல்லாவில் இருந்தவர்.
"என்ன பரவால்ல? மறுபடி எண்ணு" என்றாள் தேவமலர்.
எண்ணினோம். இப்போது முப்பது கூடுதல்.

வெளியே விளக்கு போட்டிருந்தார்கள்.
"பிடிச்சிக்கலாமா?" என்று கேட்டுத்தான்
என் முழங்கையைப் பிடித்தாள்.
யாருக்கும் நான் வழி காட்டி வருஷக்கணக்காகிறது.
"இறங்குது" என்றேன்.
ஏறியது.
இரண்டு பேரும் தூணைப் பிடித்துக்கொண்டு
சிரித்து முடிக்க நேரமானது.
அதற்குள் அவள் பேருந்து போய்விட்டது.