அறுபத்து நாலாம் கட்டம்

சாட்ஸ்வர்த்திலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம்.
ட்யூபாவுக்கு ஓர் இருக்கை,
என் வெண்கலத் தட்டுகளுக்கு என் மடி.

டர்பனில், பல்கலைக்கழக மேட்டில் இசைக்கூடம்;
கீழே துறைமுகம்.
பதினொரு பள்ளி ஒரே நேரத்தில் சுருதி சேர்க்க
கப்பல்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும்.

எனக்கு மொத்தமே ஓர் அடி.
அறுபத்து மூன்று கட்டம் சும்மா நின்று
அறுபத்து நாலில் ஒன்று.

பயிற்சி தர வந்த மிஸ் ட்லாமினி
அறுபத்து மூன்றில் கையை உயர்த்தினார்.
"கிளாரினெட், மூச்சு எங்கே?"
மறுபடி முதலிலிருந்து.
அறுபத்து மூன்று.
"டிரம்பெட், இது சண்டை இல்லை."
மறுபடி.
தேஷ்னியின் வால்வு சிக்கியதும் அங்கேதான்.
ஏழு முறை தூக்கினேன், ஏழு முறை இறக்கினேன்.
என் தோள் மட்டும்
நன்றாகப் பயிற்சி பெற்றது.

மாலையில் மேடை.
கிளாரினெட்டுக்கு மூச்சு இருந்தது.
டிரம்பெட் சமாதானமாகிவிட்டது.
அறுபத்து மூன்று வந்தது,
கை பழகியபடி
இறங்கிவிட்டது.

நிறுத்தத்தில் நிற்காத டாக்சி மாதிரி
அறுபத்து நாலு என்னைத் தாண்டிப் போனது.

கைதட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

பஸ் கதவு திறக்குமுன்
உறையைக் கழற்றி
அடித்தேன்.

மரத்து ஹடீடாக்கள் அத்தனையும்
வைதுகொண்டே பறந்தன.
மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.
மிஸ் ட்லாமினி.
நிறுத்தச் சொல்லி உயரும் அந்தக் கை
இந்த முறை உயரவில்லை;
காற்றில் அறுபத்தைந்தைத் தொடங்கிவைத்தது.

எனக்குப் பின்னால் யாரோ
டிரம்பெட் பெட்டியின் கொக்கியைத் தட்டித் திறக்கிறார்கள்.