மெதுவாகத் திற

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
காற்றைப் பிரிக்கும் ஆலையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
காற்றைக் குளிரவைத்து, பிழிந்து,
நைட்ரஜன் ஒரு பக்கம், ஆக்சிஜன் ஒரு பக்கம்.
பதினோரு வருஷமாக இதுதான்.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்து சுத்தம்.
சான்றிதழில் என் கையெழுத்து.

மகன் இருபத்தாறாம் வாரத்தில் வந்துவிட்டான்.
எழுநூற்றுத் தொண்ணூறு கிராம்.
இப்போதெல்லாம் கடையில் எந்தப் பொட்டலத்தைத் தூக்கினாலும்
கை தானாக எடைபோடுகிறது.
இன்குபேட்டர் சீட்டில் பெயர் இல்லை,
'செல்வமேரியின் ஆண் குழந்தை', அவ்வளவுதான்.

முப்பத்திரண்டாம் நாள் டாக்டர் ஷம்ஸா
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
எப்போதும் நின்றபடி பேசுகிறவர்.
எனக்கு வயிறு கலங்கியது.

சிற்றறைகள் கட்டி முடியுமுன் குடிவந்துவிட்டான் என்றார்.
அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பு
போதுமான அளவு சுரக்கவில்லை.
பனிக்குடத்தில் முன்பே கிருமி.
இதயத்தருகே மூடவேண்டிய குழாய் மூடவில்லை.
பெண்ணாயிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பாளாம்.
மூச்சு ஊதிய இயந்திரத்தின் அழுத்தம் வேறு.
அப்புறம், குரலைத் தாழ்த்தி,
'நாங்கள் கொடுத்த ஆக்சிஜனும்.'

எனக்கா தெரியாது?
ஒரு சொட்டு எண்ணெய் கிடைத்தால்
வால்வின் இரும்பையே அது எரித்துவிடும்.

செல்வமேரியிடம் வேறு பட்டியல்:
லிஃப்ட் பழுதான வாரம், மூன்று மாடி.
புழுதிக்காற்றன்று ஜன்னல் சாத்த மறந்தது.
ஃபிரிட்ஜ் தண்ணீர்.
காய்ச்சலை வெயில் என்று நினைத்தது.
டாக்டர் ஒவ்வொன்றாக அடித்தார்.
காய்ச்சலில் பேனா நின்றது.
'அது உன் தப்பில்லை' என்றார்,
அடிக்காமல்.

எண்பத்தொன்பதுக்குக் கீழே போனால் மானிட்டர் கத்துகிறது.
தொண்ணூற்றைந்தைத் தாண்டினாலும் கத்துகிறது.
லிஸ்ஸம்மா சிஸ்டர் குமிழை
முப்பத்திரண்டிலிருந்து முப்பதுக்குத் திருப்பினார்.
விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி எழுந்தன.
நாற்பது நிமிஷம் தாக்குப்பிடித்தான்.
பிறகு முப்பத்தொன்று.
'ஒன்று குறைந்ததே' என்றார் சிஸ்டர்.
நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான்.

இரவு ஒன்றரைக்கு டேங்கர் வந்தது.
டெலிவரி நோட்டில் அந்த ஆஸ்பத்திரியின் பெயர்.
சட்டை முதுகில் ஒட்டும் புழுக்கத்தில்
குழாயின்மேல் உறைபனி.

சேர்ந்த முதல் நாள் சுவரில் படித்தது:
ஆக்சிஜன் வால்வைப் படாரென்று திறக்காதே.

கால் சுற்று.
டிரைவர் தாத் முகம்மது கடிகாரத்தைப் பார்த்தார்.
பொறுத்து,
இன்னொரு கால்.