இடைச்சொல்

வியாழக்கிழமை, நாலரை மணி. மூன்றாம் கட்டில்.
கார்ல் ஹெஸ்கெத். வயது நாற்பத்தொன்று. வலது முழங்கால்.
வேலை: பால் பண்ணை லாரி.
முந்தைய வேலை என்ற கட்டத்தில் கால்பந்து என்று எழுதி,
அடித்து, மறுபடி எழுதியிருக்கிறார்.
மோர்வெல்லில் அந்தச் சொல்லுக்கு
முட்டை வடிவப் பந்து, கையால் பிடிப்பது.
ஆகவே பக்கத்தில், பொடி எழுத்தில்: உருண்டைப் பந்து.

எனக்கு இரண்டும் தெரியாது.
எனக்குத் தெரிந்தது கோணம்.
படுக்கச் சொல்லி மடக்கினேன். நூற்றுப் பதினொரு பாகை.
அதற்கு மேல், சோற்றில் கல் கடிபட்டதுபோல்
ஒரு சத்தம் போட்டு நின்றது மூட்டு.

தழும்பு மூன்று.
நீளமானது இங்கிலாந்தின் வடக்கே மீன்வாடைத் துறைமுகம் ஒன்று,
ஜனவரி, செவ்வாய் இரவு, சேறு.
சின்னவை இரண்டும் அடுத்தடுத்த வருடம்,
வேறு வேறு சட்டை, ஒரே மருத்துவர்.
ஏழு ஊர், பதினாறு வருடம், நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம்.
கோல்?
"பதினொன்று. இல்லை, பத்து.
ஒன்று எவன் முதுகிலோ பட்டுப் போனது."

அப்படியானால் என்னதான் செய்வீர்கள் என்றேன்.
"பின்னால் நிற்பவனிடம் வாங்கி
முன்னால் நிற்பவனிடம் கொடுப்பேன்."

அவர் தொடைத் தசையில் என் கட்டைவிரல்.
எங்கிருந்தோ ஒன்பதாம் வகுப்பு இலக்கணப் பாடம்,
பாதித் தூக்கத்தில் கேட்டது:
பெயர், வினை, அப்புறம்
தனியாக நிற்கத் தெரியாத ஒன்று.
ஏ. ஓ. உம்.
எடுத்துவிட்டால் வாக்கியம் நொண்டும்.
இருக்கும்போது யார் கண்ணிலும் படாது.
இதை இவரிடம் எந்த மொழியில் சொல்ல?
"வலிக்கிறதா?" என்றேன்.

அடுத்த வாரம் கைப்பேசியில் ஒரு படம்.
மூன்றாம் பிரிவுக்கு ஏறிய நாளின் செய்தித்தாள்.
அடித்தவன் இரு கை விரித்துப் பறக்கிறான்,
அவன் மேல் நாலு பேர்.
இடது ஓரம், படம் வெட்டுப்பட்ட இடத்தில்
பாதிக் காலணி.
"அது நான்."
பெரிதாக்கிப் பார்த்தேன். நாடா அவிழ்ந்திருந்தது.

அந்த ஊரில் ஒருவன்
கோல்கம்பத்துக்குப் பின்னாலிருந்து வாராவாரம் கத்துவானாம்:
ஹெஸ்கெத், பால்வண்டியே, நகருடா!
ஒப்பந்தம் நீட்டவில்லை என்று கிளப்பிலிருந்து மூன்று வரி வந்தது.
அவனிடமிருந்து முழுப்பக்கம்.
இனிச் சனிக்கிழமைகளில் நான் யாரைத் திட்டுவது என்று
உண்மையாகவே கேட்டிருந்தான்.
விமானம் ஏறும்போது அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டாராம்,
பதக்கம் ஏதும் இல்லாததால் பெட்டியில் இடமிருந்தது.
"இப்போது பாருங்கள், நிஜமாகவே பால்வண்டி."
சிரித்த சிரிப்பில் நூற்றுப் பதினாலு வரை மடங்கியது.
குறித்துக்கொண்டேன்.

ஆடக் கூடாது என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

சனிக்கிழமை. மகளை நீச்சலில் விட்டுவிட்டு
காய்கறி வாங்கப் போகிற வழி.
அனல்மின் நிலையத்தின் எட்டுப் புகைபோக்கிகளையும்
வெடிவைத்துச் சாய்த்த பிறகு
மிச்சம் நிற்கிற வானத்துக்குக் கீழே அந்த மைதானம்.
காரை நிறுத்தினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கடைசிப் பன்னிரண்டு நிமிடத்துக்கு இறங்கினார்.
பார்க்க நாற்பது பேர், இரண்டு நாய்.
ஓடவில்லை.
மற்றவர்கள் ஓடிச் சேரப்போகும் இடத்தில்
முன்னமே போய் நின்றுகொண்டிருந்தார்.
பந்து வந்தது. குனிந்து பார்க்கக்கூட இல்லை, கொடுத்தார்.
ஓரத்தில் டெங் என்ற பையன், பத்தொன்பது இருக்கும்,
வாங்கிப் பதறினான்.
"நேரம் இருக்கு!" என்று கத்தினார் ஹெஸ்கெத்,
"நேரம் இருக்கு, நேரம் இருக்கு!"
அரை மணி அரை மணியாகப் பொழுதை அறுத்து விற்கிற நான்
வேலிக்கு இந்தப் பக்கம் நிமிர்ந்தேன்,
என்னைக் கூப்பிட்டதுபோல.

டெங் வானத்துக்கு அடித்தான்.
பந்து வேலி தாண்டி என் கார் கூரையில் விழுந்து
சாக்கடைக்கு உருண்டது.
எடுத்து, துடைத்து, உள்ளே எறிந்தேன்.
அவரிடம்தான் போயிற்று.
வாங்கினார். யார் கொடுத்தது என்று பார்க்காமல்
அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டார்.

வியாழன், நாலரை. வீக்கம். தொண்ணூற்றெட்டு.
திட்ட வாயெடுத்தேன்.
"தப்பான எறி," என்றார் கூரையைப் பார்த்தபடி.
"இரண்டு கையும் வேண்டும்,
தலைக்கு மேலிருந்து."