ரொட்டிப் பை

சிலோயே தீவில் மழைக்கு
யாரும் குடை விரிப்பதில்லை.
காற்று அதைப் பிடுங்கிக் கடலுக்குக் கொடுத்துவிடும்.

ரொசமெல் நவுவெல்கினின் வீட்டைக்
கூரையோடு பெயர்த்து மேட்டுக்கு இழுக்கிறார்கள்.
பதினெட்டு எருதுகள், அடியில் உருளும் மரக்கட்டைகள்,
முழங்கால் சேற்றில் நாற்பது பேர்.

என் மழையுறை
விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிக்குள்.
எடுவினா ரொட்டிப் பையை உதறித் தந்தாள்.
அடியில் ஓட்டை போட்டு, லென்ஸை நுழைத்து,
அவள் கூந்தல் ரப்பரையே வாங்கி இறுக்கினேன்.
திரையில் எல்லாம் பாலாடை மூடியதுபோல.
குத்துமதிப்பாகத்தான் அழுத்தினேன்.

படத்துக்குப் படம் பனியனை இழுத்துக் கண்ணாடி துடைக்க,
பனியனில் காய்ந்த இடம்
உள்ளங்கை அளவு,
பிறகு கட்டைவிரல் அளவு,
பிறகு இல்லை.

"குழந்தையா உள்ளே?" என்றான் எருது ஓட்டுகிறவன்.
"பதினோரு மாதத் தவணை பாக்கி" என்றேன்.

ஐந்து மணி நேரம்.
ஒரு சொட்டு இறங்கவில்லை.

வீடு மேட்டில் உட்கார்ந்ததும்
அடுப்பு மூட்டி ஆட்டுக்கறி சூப் கொதித்தது.
"நனைந்துகொண்டு நிற்காதே, வா"
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள்.
ரப்பரை அவிழ்த்தேன்.
விறைத்திருந்த கண்ணாடி
சூப்பின் ஆவி பட்டதும் வெளுத்துப்போனது.

பழைய ஜன்னலைத் திறந்து
ரொசமெல் புதுக் கடலைப் பார்த்தது
அப்போதுதான்.

படத்தில் ஒரே வெள்ளை. அதற்குள் ஒரு தோள்.
ஓரத்தில் மங்கலாக,
மழை புகாத பைக்குள்ளிருந்து வந்த
ரொட்டித் துணுக்கு.