முதுகில்லாத கமரா

இந்தக் கமராவுக்கு முதுகு இல்லை.
பாசிக்குடா மணலில் ஒற்றைக்காலில் அதை நட்டுவிட்டு
ஓடிப்போய்த் தென்னைகளுக்குப் பின்னால் ஒளிந்தோம்.
நாலு நிமிடம்.
கடல், நீச்சல் தடாகம், வெள்ளைக் குடை,
விற்கவேண்டியதெல்லாம் முன்னால்.

பேஸ்புக்கில் போட்டு மூன்றாம் நாள்
அறிக்கை வந்தது:
கண்ணாடி மாட்டியவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று
சிவப்பாய், மஞ்சளாய், நீலமாய்.
கடல் நீலம்.
தடாகம் அதைவிட நீலம்.
சிவப்பு முழுக்கப் பின்னால்,
சமையலறைச் சுவரோரம்
கட்டில் விரிப்புகளைத் தோளில் போட்டபடி
போனைக் காதில் இடுக்கிச்
சிரிக்கிற ஒருத்தியில்.

டொரொன்டோவில் இருந்தும் சூரிச்சில் இருந்தும்
கழுத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.
சராசரி பதினொரு வினாடி.

பெயர் தவமலர். ஊர் கல்குடா.
யாரோடு கதைத்தாள், எதற்குச் சிரித்தாள்
அவளுக்கே ஞாபகமில்லை.
"சம்பளத்தில கழிப்பாங்களோ?"
அதை மட்டும் கேட்டாள்.

முகாமையாளர் கிருபைராஜா கோபப்படவில்லை.
கணக்குத் தெரிந்தவர்.
"பார்க்கிற இடம்தானே இடம்.
ஆளை எடு. விலையை அங்க வை."

வைத்தேன்.
பக்கத்துச் சுவரைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து
அவள்மேல் பூசினேன்.
முதலில் போன், பிறகு தோள்,
கடைசியாகத்தான் வாய்.
காய்ந்த சுவரில் பலகை மாட்டினேன்:
இரண்டு இரவு தங்கினால் மூன்றாவது இலவசம்.

அடுத்த அறிக்கையில்
சிவப்பு பலகையில் நிற்கவில்லை.
வழிந்து இறங்கி
நிலத்தில் ஒரு சொட்டாய்க் கிடந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒரு செருப்பு.
அழிக்க மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்றுதான்
கிருபைராஜாவிடமும் சொன்னேன்.